60 கிலோமீட்டர் வேகத்திற்கு ஒரு கார்

செலாயாங்கில் உள்ள என் வீட்டிலிருந்து கோலாலம்பூரின் பங்சாரில் உள்ள அலுவலகத்திற்குச் செல்லும் வழியில், காரை என் விருப்பப்படி ஓட்ட முடிகிற இடங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஜாலான் கூச்சிங்கை விட்டு ஜாலான் டூத்தா பக்கம் ஏறித் திரும்பும் வளைவு. மற்றொன்று, பங்சாருக்குள் இறங்கும் வளைவு. மற்ற தூரம் முழுவதும் முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஊர்வதுதான். இரண்டு வளைவுகளையும் சேர்த்தாலும் ஒரு நிமிடம் தேறாது. அந்த ஒரு நிமிடம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடந்த ஆண்டு நான்கு மாதங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் செடான்களைத் தேடி அலைந்தேன். அந்த அலைச்சலில் நான் கற்றுக்கொண்டதையும், இறுதியில் எதை, ஏன் வாங்கினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்பாவின் புரோட்டோன் வாஜாவில். 2000ஆம் ஆண்டு அறிமுகமான அந்தக் காரை இன்றைய பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் 1996இல் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியதன் பயன், அந்தக் காரின் இருக்கையிலோ கதவிலோ தெரியாவிட்டாலும், ஸ்டியரிங்கில் தெரிந்தது. சாலை கரடாக இருந்தால் உள்ளங்கைக்குத் தெரியும்; மழை நீரில் முன்சக்கரம் பிடி தளர்ந்தால் அதற்கு முன்பே கை லேசாகிவிடும். எல்லாக் கார்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். இருபது ஆண்டுகள் கழித்துப் பல கார்களை ஓட்டிப் பார்த்தபோதுதான், அப்படி இல்லை என்பது புரிந்தது.

எனவே என் தேவை சற்று விநோதமானது. நெடுஞ்சாலையில் நம் நாட்டின் உச்ச வேகவரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். நகரத்திற்குள் 60, 70 போவதற்கே கொடுத்து வைத்திருக்க வேண்டும். 250 குதிரைத்திறன் கொண்ட காரை வாங்கிவிட்டு, அதன் திறனில் கால்பங்கைக்கூடத் தொட வழியின்றி ஜாலான் கூச்சிங்கில் நிற்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. செப்பாங் பந்தயத்தளத்தில் நாள் வாடகை கட்டி ஓட்டுபவர்களின் கணக்கு வேறு. எனக்கு வேண்டியது 60 கிலோமீட்டர் வேகத்தில் மகிழ்ச்சி தரும் கார். அதே கார் அம்மாவை மருத்துவமனைக்கும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கும் கூட்டிச் செல்ல வேண்டும். மழை நாளில் நடுவழியில் நிற்கக் கூடாது. கையிருப்பும் கடனுமாக நான் ஒதுக்கியது 80,000 ரிங்கிட். அதில் 12,000 ரிங்கிட்டைப் பழுதுபார்ப்புக்கென முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். பழைய கார் வாங்கும் எவரும் இந்தத் தொகையை விலைக்குள் சேர்த்தே எண்ண வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் விலையையே முழு விலை என்று நம்புபவர்கள்தான் ஆறு மாதத்தில் அதே காரை மீண்டும் விளம்பரம் செய்கிறார்கள்.

மலேசியாவில் பழைய கார்களின் விலையைப் புரிந்துகொள்ள, சாலை வரியைப் புரிந்துகொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் கார்களுக்கு இஞ்சின் கொள்ளளவை வைத்து வரி கணக்கிடப்படுகிறது. 1,498 சிசி டர்போ இஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆண்டு வரி 90 ரிங்கிட்தான். 1,998 சிசி என்றால் 379 ரிங்கிட். 2,000 சிசியைத் தாண்டியதும் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு ரிங்கிட் கூடுகிறது. 2,500ஐத் தாண்டினால் சிசிக்கு இரண்டரை ரிங்கிட். ஆகவே 2,497 சிசி காருக்கு 877 ரிங்கிட். 2,979 சிசி காருக்கு 2,077 ரிங்கிட் 50 காசு. இந்தப் படிக்கட்டைப் பார்த்து மிரளும் மக்கள் இரண்டரை லிட்டர் கார்களை விட்டு ஓடுகிறார்கள். அதனால் அவற்றின் விலை சரிகிறது. ஆனால் அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டால், ஒன்றரை லிட்டர் டர்போவுக்கும் இரண்டரை லிட்டர் காருக்கும் உள்ள வரி வேறுபாடு ஆண்டுக்கு 787 ரிங்கிட், அதாவது மாதத்திற்கு 66 ரிங்கிட்கூட இல்லை. பெட்ரோல் செலவு தனி என்பது உண்மைதான். இருந்தாலும், சாலை வரிக்குப் பயந்து ஒரு காரை ஒதுக்குவது, அந்தக் காரின் விலையே அந்தப் பயத்தால்தான் குறைந்திருக்கிறது என்பதை மறப்பதாகும்.

முதலில் ஓட்டிப் பார்த்தது 2016இல் இங்கே வந்த பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கின் ஒன்றரை லிட்டர் டர்போ. 173 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பின்புறம் பல இணைப்புச் சஸ்பென்ஷன், விசாலமான பின்னிருக்கை. ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டே கால் சுற்றுக்கும் குறைவாகவே சுழல்கிறது. வளைவில் கார் சட்டென்று திரும்புகிறது. குறை சொல்ல வேண்டுமென்றால், தனித்தனிக் கியர்கள் இல்லாத சிவிடி என்ற தானியங்கிக் கியர்பெட்டியைத்தான் சொல்ல வேண்டும். முடுக்கியை அழுத்தினால் இஞ்சின் சத்தம் முதலில் ஏறுகிறது, வேகம் பிறகு ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓட்டுபவனுக்கு வேலை ஒன்றும் இல்லை. என் மனைவி அதை ஓட்டிவிட்டு இறங்கி, "இதுல என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அறிவுள்ளவர்கள் வாங்க வேண்டிய கார் அது என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் மீது நெடுநாள் ஆசை. இரண்டு லிட்டர் டர்போ, 268 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம், ஆறு கியர் கையியக்கம். மழையில் அதைப் போல நம்பிக்கை தரும் செடான் குறைவு. ஆனால் நான் பார்த்த மூன்றுமே யாரோ ஒருவர் கைவைத்த கார்கள். ஒன்றில் புகைபோக்கிக் குழாய் மாறியிருந்தது. இன்னொன்றில் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் மென்பொருள் மாற்றப்பட்டு, விற்பதற்கு முன் பழையபடி ஆக்கப்பட்டிருந்ததாக விற்றவரே பெருமையோடு சொன்னார். இப்படிப்பட்ட காரின் இஞ்சின் எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நாள், எந்த எண்ணெயில் ஓடியது என்பதை எந்தச் சோதனையாலும் முழுமையாகக் கண்டுபிடிக்க முடியாது. கையியக்கக் கிளட்ச்சோடு தினமும் ஒன்றரை மணி நேர நெரிசலில் நிற்கும் வயதும் எனக்குக் கடந்துவிட்டது. முழங்கால் ஆசைக்கு இணங்குவதில்லை.

சிலவற்றை ஓட்டாமலேயே ஒதுக்கினேன். ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்பெட்டி) பொருத்திய வோக்ஸ்வேகன் செடான்கள் ஓடும்போது அருமையானவை. ஆனால் எண்ணெயில் குளிராத கிளட்ச், ஊர்ந்து நின்று ஊர்ந்து நிற்கும் வெப்பமண்டல நெரிசலுக்கு ஏற்றதன்று என்பது உலகறிந்த செய்தி. லெக்சஸ் ஐஎஸ்250 உறுதியான கார், ஆனால் அதன் கியர்பெட்டி தூங்கிவிட்டு எழுவது போல் நடந்துகொள்கிறது. நான்கு கதவு சிவிக் டைப் ஆர், அதாவது 2007இல் வந்த எஃப்டி2ஆர், இப்போது சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. அதன் சஸ்பென்ஷனில் என் அம்மாவை உட்கார வைத்தால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

எஞ்சியது பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். அதிலும் இரண்டு தலைமுறைகள்: 2005இலிருந்து வந்த ஈ90, 2012இலிருந்து வந்த எஃப்30. கெடா மாநிலத்தின் கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் இந்த வரிசைக் கார்கள் பொருத்தப்பட்டதால், நம் சந்தையில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. உதிரிபாகங்களும், வேலை தெரிந்த ஃபோர்மன்களும், அதாவது மெக்கானிக்குகளும், கிடைக்கிறார்கள். பழைய காரைப் பொறுத்தவரை இது சிறிய செய்தி அன்று. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் என்றால், அவர் விடுமுறையில் போகும் நாளில்தான் அது நிற்கும்.

எஃப்30இல் 328ஐ எனப்படும் கார் இரண்டு லிட்டர் டர்போ என்20 இஞ்சினுடன் வந்தது: 245 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். அந்த இஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் தேய்ந்து உடையக்கூடியவை என்பதால், 2015க்கு முந்தைய காராக இருந்தால் செயின் மாற்றிய ரசீதைக் கேட்க வேண்டும். முடுக்கியை ஏற்றும்போது கீச்சென்று ஒரு சீழ்க்கை ஒலி வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பின்னர் வந்த 330ஐயில் உள்ள பி48 இஞ்சின் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் விடுபட்டது. ஆனால் நல்ல 330ஐ என் வரம்பைத் தாண்டி நின்றது. இடையில் 330இ என்ற கார், பெட்ரோலோடு சார்ஜ் செய்யும் மின்கலத்திலும் ஓடுவது, விளம்பரங்களில் குறைந்த விலையில் ஆசை காட்டிக்கொண்டே இருக்கும். அதன் 7.6 கிலோவாட் மணி மின்கலத்திற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்ற கேள்விதான் அந்த விலைக்குறைவின் காரணம். மின்கலம் பின்புறம் இருப்பதால் பொருள்வைப்பு இடமும் 480 லிட்டரிலிருந்து 370 லிட்டராகச் சுருங்கிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பத்திற்கு அந்த 110 லிட்டர் இழப்பு பெரிது.

328ஐயை ஒரு சனிக்கிழமை காலையில் ஓட்டினேன். இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் தானியங்கிப் பெட்டி, நான் ஓட்டியவற்றிலேயே புத்திசாலியானது. முந்திச் செல்ல நினைத்த கணத்திலேயே முந்திவிட்டது. ஆனால் நான் தேடிய அந்த ஒரு நிமிடத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜாலான் டூத்தா வளைவில் ஏறும்போது, கார் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதன் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். பழைய முறையில் எண்ணெய் அழுத்தம் உதவுகிறது. சக்கரம் சாலையில் உரசும் விசையின் ஒரு பகுதி எண்ணெயையும் தண்டையும் கடந்து கைக்கு வந்து சேர்கிறது. மின்மோட்டார் முறையில் அந்த நுண்ணிய அதிர்வுகள் மோட்டாரின் உராய்விலும் கணினியின் கட்டுப்பாட்டிலும் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. எரிபொருள் மிச்சமாகிறது, கார் தானாகவே பார்க் செய்துகொள்ளும் வசதியெல்லாம் சாத்தியமாகிறது. கைக்கு வருவது மட்டும் குறைகிறது. 328ஐ விழித்தெழுவதற்கு 120 கிலோமீட்டர் வேகம் தேவைப்பட்டது. அந்த வேகத்தில் நான் விழித்தெழுவது நீதிமன்றத்தில்தான்.

ஈ90 325ஐ அந்தக் குறையை முதல் முச்சந்தியிலேயே தீர்த்துவைத்தது. அதன் என்52 இஞ்சின் 2,497 சிசி, டர்போ இல்லாத நேர்வரிசை ஆறு சிலிண்டர், 218 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைக்கும்போது பிஸ்டன்களின் ஏற்ற இறக்க விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. நான்கு சிலிண்டரில் எஞ்சி நிற்கும் அதிர்வு இதில் இல்லை. டர்போ இல்லாததால், கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் கார் கொடுக்கிறது. கூடவும் இல்லை, தாமதமும் இல்லை. பிஎம்டபிள்யூவின் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இஞ்சின்களில் இந்தக் குடும்பத்தோடு ஒரு மரபே முடிந்துவிட்டது. ஸ்டியரிங் எண்ணெய் அழுத்த முறை. வாகனம் நிறுத்துமிடத்தில் அது கனமாக இருந்தது. அம்மா ஓட்டப் போவதில்லை என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிறு காலையில் பத்துமலையிலிருந்து அணைக்கட்டைக் கடந்து உலு யாம் செல்லும் சாலையில், சைக்கிள்காரர்களுக்கும் குரங்குகளுக்கும் வழிவிட்டுக்கொண்டு 50, 60இல் ஓட்டியபோது, அப்பாவின் வாஜா நினைவுக்கு வந்தது என்று எழுதினால் சில பிஎம்டபிள்யூ பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். உண்மை அதுதான்.

ஆனால் ஒரு காரின் மாதிரியை விரும்புவது வேறு, விற்பனைக்கு இருக்கும் அந்தக் குறிப்பிட்ட காரை நம்புவது வேறு. என் முதல் முயற்சியிலேயே இதற்காக 500 ரிங்கிட் கட்டணம் செலுத்தினேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பழைய கார் வியாபாரியிடம், மீட்டரில் 78,000 கிலோமீட்டர் காட்டிய ஒரு காருக்கு முன்பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஸ்டியரிங் தோல் கண்ணாடி போல வழுவழுத்திருந்தது. பிரேக் மிதியின் ரப்பரில் கோடுகளே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க மேடு நசுங்கியிருந்தது. பதிவு எண்ணைக் கொண்டு பராமரிப்பு வரலாற்றை விசாரித்ததில், அதே கார் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே 1,60,000ஐத் தாண்டியிருந்தது. முன்பணம் திரும்ப வரவில்லை. "கார் கண்டிஷன் நல்லாத்தானே இருக்கு, பாஸ்" என்பதே அவர் கடைசி வரை தந்த பதில்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் இன்னும் ஆபத்தானவை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை நீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கார்களில் சில மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. இருக்கை வார்ப்பட்டையைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் அடிப்பகுதியில் மண்கோடு இருந்தால் அது தானே சாட்சி சொல்லும். இருக்கைத் தண்டவாளத்தின் துரு, கம்பளத்தின் அடியில் வீச்சம், உதிரிச்சக்கரக் குழியில் வண்டல் ஆகியவற்றையும் தேட வேண்டும். முன்சக்கரத்திற்கு மேலுள்ள தகட்டின் மரைகளில் சாயம் உடைந்திருந்தால் அந்தப் பகுதி கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். புதிதாகத் துடைத்துக் கறுப்பாக்கிய டயர் எட்டு வயதாக இருப்பதை நானே பார்த்தேன். உரிமை மாற்றத்திற்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் சோதனை, கார் எண்களும் அடிப்படைப் பாதுகாப்பும் சரியா என்று பார்ப்பது. இஞ்சின் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று அது சொல்வதில்லை.

அதற்குத்தான் ஃபோர்மன் வேண்டும். செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு 300 ரிங்கிட் கொடுத்து, பார்க்கப் போகும் இடத்திற்கெல்லாம் கூட்டிச் சென்றேன். அவருடைய முதல் விதி எளியது: "தம்பி, நாம போறதுக்குள்ள அவன் இஞ்சின ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தான்னா பேசாம திரும்பிடலாம், நாளைக்குக் காலையில வர்றோம்னு சொல்லு." குளிர்ந்த இஞ்சின் முதலில் உயிர்பெறும் அந்தப் பத்து வினாடியில்தான் வால்வுகளின் தட்டல், செயினின் சலசலப்பு, புகையின் நிறம் எல்லாம் தெரியும், சூடான இஞ்சின் எல்லாவற்றையும் மறைத்துவிடும். என்52 இஞ்சினுக்கு அவர் வைத்திருந்த பட்டியல் நீளமானது, ஆனால் அதில் புதிராக ஒன்றும் இல்லை. வால்வு மூடியின் கேஸ்கெட்டும் எண்ணெய் வடிகட்டி உறையின் கேஸ்கெட்டும் நம் வெப்பத்தில் இறுகி எண்ணெய் கசியும். மின்சாரத்தில் இயங்கும் நீர்ப்பம்பு முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கக்கூடியது. அது நின்றால் இஞ்சின் சூடேறிச் சிலிண்டர் தலையே வளைந்துபோகலாம். ஆகையால் அதைப் பழுதாவதற்கு முன்பே தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

இங்கேதான் மனைவியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. "மழை நாள்ல பிள்ளைகள வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுடாதுங்களே?" என்பதுதான் இந்தக் காரைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி. நிற்காது என்று உறுதி சொல்ல எந்தப் பழைய காராலும் முடியாது. ஆனால் இந்தக் காரை நிறுத்தக்கூடியவை எவை என்பது தெரியும், அவை எண்ணிக்கையில் குறைவு, அவற்றுக்கு விலையும் தெரியும் என்று விளக்கினேன். நீர்ப்பம்பைப் பியர்பெர்க் என்ற நிறுவனமே செய்து தருகிறது. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாத பெட்டியில் வாங்கினால் அதே பொருள் மலிவாகக் கிடைக்கும். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களுக்கு லெம்ஃபர்டர் நிறுவனம் அப்படித்தான். கதவுக் கைப்பிடி, உள் அலங்காரம் போன்றவற்றுக்கு, பழைய கார்களை அறுத்துப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடைகள் போதும். ரப்பரும் பம்பும் அங்கே வாங்குவது, காசு கொடுத்து அடுத்தவர் மூப்பை வாங்குவதாகும். காற்றிறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டால் சவாரி மென்மையாகும். ஆனால் இந்தக் காரில் உதிரிச்சக்கரம் இல்லாததால், பஞ்சர் ஒட்டும் பெட்டியையும் காற்றுப் பம்பையும் பின்னால் வைத்திருக்க வேண்டும். அவள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, நீர்ப்பம்பு முதல் வாரத்திலேயே மாற்றப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

பதினோராவதாகப் பார்த்த காரை வாங்கினேன். 2010ஆம் ஆண்டு 325ஐ, ஈப்போவில் பணி ஓய்வு பெற்ற ஒருவரின் ஒரே கைக் கார், 1,12,000 கிலோமீட்டர், ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின் ரசீதும் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தது. சந்தையில் அதைவிட 6,000 ரிங்கிட் மலிவாக இரண்டு கார்கள் இருந்தன. அந்தக் கோப்பின் விலையே 6,000 என்று எடுத்துக்கொண்டேன். பத்து வயதைத் தாண்டிய காருக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவதால், முழுவதையும் ரொக்கமாகக் கட்டினேன். 55 விழுக்காடு என்சிடி, அதாவது இழப்பீடு கோராதவர்களுக்குத் தரும் கழிவு, என் பெயரில் இருந்ததால் காப்புறுதி தாங்கக்கூடியதாக அமைந்தது. நெரிசலில் 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் வரை குடிக்கிறது. இதை மறைத்துப் பயனில்லை. சிவிக் வாங்கியிருந்தால் பின்னிருக்கையில் பிள்ளைகளின் கால்கள் முன்னிருக்கையை உதைக்காது என்பதையும் மறைக்கவில்லை. அம்மா முதல் நாள் ஏறும்போது, "என்னடா தம்பி, குழிக்குள்ள உக்கார வைக்கிற" என்றார். இப்போது இருக்கையை முழு உயரத்திற்கு ஏற்றி வைத்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுகிறேன்.

ஜாலான் டூத்தா வளைவில் தினமும் காலை ஏழே காலுக்கு ஏறுகிறேன். மூன்றாம் கியரில், 60க்குச் சற்றுக் குறைவாக, ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு திருத்த வேண்டிய அவசியமில்லாமல் கார் தன் கோட்டில் சாய்ந்து நிற்கிறது. மழை பெய்த காலைகளில் சாலையின் வழுக்கல் கைக்கு முன்கூட்டியே தெரிகிறது. பிறகு மீண்டும் சிவப்பு விளக்குகள்தான். ஒதுக்கி வைத்த 12,000 ரிங்கிட்டில் நீர்ப்பம்பு, தெர்மோஸ்டாட், இரண்டு கேஸ்கெட்டுகள், கியர் எண்ணெய், நான்கு டயர் எல்லாம் போக 4,150 மீதி இருக்கிறது. அடுத்த வேலை முன்பக்கச் சஸ்பென்ஷனின் கீழ்க்கைகளில் உள்ள புஷ். அவை இன்னும் தாங்கும், தீபாவளிப் பயணம் முடிந்து வந்து கொண்டுவந்து விடு என்று செந்தூல் அண்ணன் சொல்லியிருக்கிறார்.